காணலும் காணியும்: சென்னைக் கோட்டை நகரின் பழைய நிலப்படத்தைத் தமிழாய்வு படிக்கவேண்டிய முறை

முன்னுரை

ஓலைச்சுவடி, கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அச்சு நூல் ஆகியவை தமிழாய்வின் சான்று மூலங்களாக நிலைபெற்றுள்ளன. ஒவ்வொன்றையும் படிப்பதற்கும் பதிப்பிப்பதற்கும் உரிய நெறிகள் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் உருவாகிவிட்டன. ஆயினும், தமிழகக் கடற்கரைக் கோட்டை நகரங்களை அளந்து ஐரோப்பியர் வரைந்த பழைய நிலப்படங்கள் இவ்வரிசையில் இன்னும் இடம்பெறவில்லை. நகர வரலாற்று நூல்களின் முகப்பில் அணியாக அச்சிடப்படுவதோடு அவற்றின் பயன் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவற்றிலுள்ள ஊர்ப்பெயர், தெருப்பெயர், எல்லை ஆகியவற்றைச் சொல்லாய்வு நோக்கில் படிக்கும் முயற்சி மிகக் குறைவு.

நிலப்படமும் ஒரு பாடமே. அதற்கு மூலம் உண்டு, படியெடுத்தோர் உண்டு, பாடவேறுபாடு உண்டு, உரை எழுதவேண்டிய தேவையும் உண்டு. எழுத்து ஆங்கிலமாக இருப்பினும் அப்படங்கள் தாங்கி நிற்கும் சொற்களிற் பல தமிழும் தெலுங்குமாகும். ஆதலின் அவற்றைப் பதிப்பித்து உரைகாணும் பொறுப்பிலிருந்து தமிழ்த்துறைகள் விலகி நிற்பது முறையாகாது. இக்கருத்தை வலியுறுத்த இரண்டு இடங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, புனித ஜார்ஜ் கோட்டையைச் சூழ்ந்து எழுந்த சென்னை. மற்றொன்று, நீலகிரியின் மேற்கு விளிம்பில் கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் கணவாயின் தலைப்பில் உள்ள நாடுகாணி. கடற்கரை நகரின் படத்துக்கும் மலைக் கணவாய்க்கும் உள்ள தொடர்பு யாது என்ற வினா இயல்பாக எழும். நிலத்தைக் காண்பதும் நிலத்தைக் கைக்கொள்வதும் எவ்வாறு ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதை இவ்விரு இடங்களும் சேர்ந்தே தெளிவாக்குகின்றன.

நாடுகாணி என்னும் பெயர்

நாடுகாணி என்னும் பெயருக்கு, கீழுள்ள நாட்டைக் காணுதற்குரிய இடம் என்று பொருள் கொள்வது பொருத்தமானது. மேட்டுநிலம் முடிந்து நிலம்பூர்ப் பள்ளத்தாக்கு தொடங்கும் இடத்தில் ஊர் அமைந்திருப்பது இதற்குப் புறச்சான்று. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் நாடுகாணி என்ற பெயரில் மலைமேல் ஒரு பார்வையிடம் இருப்பது ஒப்புமைச் சான்று. சொல்லமைப்பும் இதற்கு இடந்தருகிறது. வினையடியோடு இகர விகுதி சேர்ந்து வினைமுதற் பொருளையோ கருவிப் பொருளையோ தருவதை நாடோடி, மண்வெட்டி முதலிய சொற்களிற் காணலாம். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்க்கும் கண்காணி என்ற பெயரும் இவ்வமைப்பினதே. கண்காணியின் பார்வை வெறும் பார்வையன்று. அது அதிகாரமுடைய பார்வை.

மறுபுறம், காணி என்ற சொல் தமிழில் நிலவுரிமையையும், நில அளவையும், எண்பதில் ஒரு பங்காகிய பின்னத்தையும் குறிக்கும். தொண்டைமண்டலத்தில் வழிவழியாக வந்த நிலவுரிமை காணியாட்சி எனப்பட்டது. சென்னையின் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய ஆய்வு இவ்வுரிமையைப் பற்றியதே. காண் என்னும் வினைக்கும் காணி என்னும் பெயருக்கும் வேர்ச்சொல் உறவு கற்பிப்பது இங்கு நோக்கமன்று. நிலப்படம் செய்யும் இரு தொழில்களுக்கும் இவ்விரு சொற்களும் ஏற்ற பெயர்களாகின்றன என்பதே கருதத்தக்கது. நிலப்படம் முதலில் நிலத்தைக் காண்கிறது. பின்னர் அதனை ஒருவரது காணியாக்குகிறது.

சிலப்பதிகாரத்தின் பத்தாம் காதைக்கு நாடுகாண் காதை என்று பெயர். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரை விட்டு நீங்கிச் சோழநாட்டின் ஊடே நடந்து செல்லும் பகுதி அது. அங்கு நாடு காணல் என்பது நடந்து காணல். வயலையும் ஆற்றையும் கடந்து, வழியின் துன்பத்தோடு காணல். அளவையாளரின் காணலோ உயர்ந்த ஓரிடத்தில் நின்று கருவிகொண்டு காணல். இவ்விரு காட்சிகளின் வேறுபாட்டை மனத்திற்கொண்டு சென்னையின் நிலப்படத்தை அணுகவேண்டும்.

பிட்டின் நிலப்படம்

தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். அவர் ஆணையால் நகரம் அளக்கப்பட்டது. அந்த அளவையை அடிப்படையாகக் கொண்ட படம் ஹெர்மன் மால் என்னும் நிலப்பட வரைஞரின் வழியாக 1720களில் லண்டனில் அச்சேறியது. கோட்டையும் அதனைச் சூழ்ந்த வெள்ளையர் நகரும், வடக்கே அதனை ஒட்டியிருந்த கறுப்பர் நகரும், அதற்கப்பால் முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும், தோட்டங்களும் ஆற்றுத் தீவும் அதிற் காட்டப்பட்டுள்ளன. எச். டி. லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய தொகுதிகளுக்குப் பின்னர் இப்படம் சென்னை வரலாற்றாசிரியர் அனைவர்க்கும் அறிமுகமானது.

படத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்கின்றன. கோட்டைக்குத் ‘தோற்றம்’ என்றும், நகருக்குத் ‘தளப்படம்’ என்றும் அது கூறுகிறது. தோற்றம் என்பது கப்பலில் வருவோர் கடலிலிருந்து காணும் காட்சி. வணிகப் பெருமிதத்தை வெளியார்க்குக் காட்டுவது. தளப்படம் என்பது எவர் கண்ணும் நேரிற் காணாத, அளவையால் மட்டும் பெறப்படும் காட்சி, ஆள்வோர்க்குப் பயன்படுவது. ஒரே தாளில் இவ்விரண்டும் சேர்ந்திருப்பது தற்செயலன்று.

இப்படம் எழுந்த சூழலும் கருதத்தக்கது. 1702இல் தாவூத் கான் நகரை மூன்று மாத அளவில் முற்றுகையிட்டார். 1707இல் நகரின் வலங்கைப் பிரிவினர்க்கும் இடங்கைப் பிரிவினர்க்கும் கடும் பூசல் மூண்டது. எந்தப் பிரிவினர் எந்தத் தெருவில் ஊர்வலம் செல்லலாம், எங்குக் குடியிருக்கலாம் என்பதே பூசலின் பொருள். வலங்கையினர் பலர் நகரை விட்டுச் சாந்தோமுக்கு வெளியேறினர். பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினர்க்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையினர்க்கும் ஒதுக்கும் ஏற்பாட்டைப் பிட்டின் நிருவாகம் மேற்கொண்டது. எனவே, படத்தில் அமைதியாகத் தோன்றும் அவ்விரு பேட்டைகளும் மக்களின் நடமாட்ட உரிமையைப் பற்றிய போராட்டம் நிகழ்ந்த களங்கள். தெருக்களின் நேர்கோடு மட்டும் அதனைச் சொல்லிவிடாது. வலங்கை இடங்கைப் பிரிவுகளைக் கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் ஆராய்ந்து பழகிய தமிழ்ப் புலமையே அக்கோட்டினுள் உறையும் பொருளை வெளிக்கொணர வல்லது.

பெயர்களும் அவ்வாறே. பெத்தநாயக் என்பது நகரின் தலைமைக் காவற்காரரைக் குறித்த பதவிப் பெயர். அதனை அடியாகக் கொண்டது பெத்தநாயக்கன்பேட்டை. முத்தியாலுப்பேட்டை என்பதன் முதற்பகுதி முத்துகளைக் குறிக்கும் தெலுங்குச் சொல். கறுப்பர் நகரையும் அதன் மக்களையும் அக்கால ஆங்கில ஆவணங்கள் ‘ஜெண்டு’, ‘மலபார்’ என்னும் சொற்களாற் சுட்டின. இவற்றுள் ஜெண்டு என்பது தெலுங்கரையும், மலபார் என்பது தமிழரையும் தமிழ்மொழியையும் குறித்தன. இதனை அறியாதவர் சென்னை ஆவணங்களில் மலபார் என்ற சொல்லைக் கண்டவுடன் மேற்குக் கரையைத் தேடிச் செல்வர். மறுபுறம், நாடுகாணி உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கு மலபார் என்பது நிருவாகப் பகுதியின் பெயர். ஒரே சொல் ஓரிடத்தில் மொழியையும் மற்றோரிடத்தில் மாவட்டத்தையும் சுட்டுகிறது. இத்தகைய சொற்பொருள் வேறுபாட்டை வரையறுப்பது சொல்லாய்வாளரின் பணியேயன்றிப் பிறிதொரு துறையின் பணியன்று.

இரு பாக்கமும் இடைநிலமும்

கோட்டை நகரை இருகூறாகப் பார்க்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருபகுதியாகக் காட்டுகிறது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கையும் கைவினைஞர், வணிகர் தெருக்களும் அமைந்துள்ளன. பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும் பெருங்குடி வணிகர் வீதியும் அந்தணர் இருக்கையும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தை இரு பெருவேந்தர் பொரும் போர்க்களத்தோடு இளங்கோவடிகள் ஒப்பிடுகிறார். ஆனால் அவ்விடத்தில் நிகழ்வது போரன்று. மரச்செறிவின் நிழலில் விற்பதும் வாங்குவதுமாக நாளங்காடி அங்கு நடைபெறுகிறது. போர்க்களம் உவமை, அங்காடியே உண்மை.

சென்னையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பிட்டின் படத்திற் கறுப்பர் நகர் வெள்ளையர் நகரின் வடமதிலை நெருங்கியே நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. அவ்விடைக்காலத்திற் கறுப்பர் நகரின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். 1758–59இல் லாலியின் முற்றுகை நிகழ்ந்தபின் எஞ்சியவற்றையும் ஆங்கிலேயர் அகற்றினர். கோட்டையை அணுகும் பகைவர் வீடுகளின் மறைவில் நிற்காதிருக்கவும், பீரங்கியின் நோக்குத் தடைப்படாதிருக்கவும் வெட்டவெளி வேண்டியிருந்தது. குடியிருப்பும் அங்காடியுமாக இருந்த நிலம் போர்க்களத்துக்குரிய வெறுமையாயிற்று. இலக்கியத்தில் உவமையாக நின்றது இங்கு உண்மையாகவே நிகழ்ந்தது.

அவ்வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் ஆறு கற்றூண்கள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது பழைய கறுப்பர் நகர் இருந்த நிலத்திலேயே. அங்கிருந்த பழைய சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாக வேறிடத்தில் நிலம் பெறப்பட்டு, 1760களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. இம்முதலியாரே இராமநாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயரைப் போற்றிய புரவலர். ஒரு படைமுறைத் தேவை ஊரை இடம்பெயர்த்தது. இடம்பெயர்ந்த ஊரின் கோயிலை மீளக் கட்டியவர் தமிழ் இசைநாடக வரலாற்றில் இடம்பெறுகிறார். இலக்கிய வரலாற்றின் புரவலர் பெயர்களை நகரின் நிலத்தோடு பொருத்திக் காண்பதற்குப் பிட்டின் படம் இன்றியமையாதது. அவ்வூர் முழுவதும் அழிந்துபோன நிலையில், அதன் தெருக்கள் கிடந்த முறையை அறிவதற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக அது விளங்குகிறது.

பெயர்களின் படியெடுப்பு வரலாறு

ஓர் ஊர்ப்பெயர் நிலப்படத்தை அடையும் வழி, ஒரு செய்யுள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குச் செல்லும் வழியை ஒத்தது. ஊரார் ஒரு பெயரைச் சொல்கின்றனர். துபாசி அதனைத் தன் மொழி வழக்கில் எடுத்துரைக்கிறார். அளவையாளர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் எழுதுகிறார். நெடுந்தொலைவில் உள்ள செதுக்குநர் ஊரையே பாராமல் அவ்வெழுத்தைச் செம்பில் பொறிக்கிறார். நூற்றாண்டுகள் கழித்து மற்றொருவர் அதனை மீண்டும் தமிழாக்குகிறார். ஒவ்வொரு படியிலும் பிழை புகுதற்கு வாய்ப்புண்டு. ஏடு எழுதுவோரின் கைப்பிழை, செவிப்பிழை, கருத்துப்பிழை என்று பதிப்பாசிரியர் பகுத்துக் காண்பனவெல்லாம் இங்கும் உள்ளன.

சென்னைத் தெருக்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன. ஆர்மீனிய வணிகரின் பெயர்பெற்ற ஆர்மீனியன் தெரு தமிழ் மக்களின் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. தமிழ்ப் பெயரை மட்டும் நம்பி ஆராய்பவர் அங்கு இல்லாத அரண்மனையைத் தேட நேரும். ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதியாகி, அத்தமிழ்ப் பெயர் மீண்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு நாவிதர் பாலம் என்ற பொருளில் வழங்கியது என்பது பரவலாக எடுத்துரைக்கப்படும் செய்தி. வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் ஒரு நிதி வரலாறே அடங்கியுள்ளது. ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் புதிய கறுப்பர் நகரைச் சூழ மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவை நகர மக்களிடம் மதில்வரியாகத் திரட்ட எண்ணியதன் நினைவே அப்பெயர். இம்மதிலின் ஒரு பகுதி மாடிப் பூங்காவில் எஞ்சியுள்ளது. கறுப்பர் நகர் என்ற பெயர் 1906இல் ஜார்ஜ் டவுன் என மாற்றப்பட்டது. நிறவேற்றுமையைச் சுட்டிய பெயர் நீங்கியது நன்றே. எனினும் ஊராரின் பெயர் மீளவில்லை, ஓர் இளவரசரின் பெயரே வந்தமர்ந்தது.

இவ்வெடுத்துக்காட்டுகள் ஒரு முறையியல் உண்மையை உணர்த்துகின்றன. படத்தில் உள்ள வடிவமே மூலவடிவம் என்று கொள்வதும் தவறு. இன்றைய தமிழ் வடிவமே மூலம் என்று கொள்வதும் தவறு. படங்கள், கும்பினியின் ஆலோசனைக் குறிப்புகள், கோயிற் கல்வெட்டுகள், தமிழ், தெலுங்கு ஆவணங்கள், வாய்மொழி வழக்கு ஆகிய அனைத்தையும் ஒப்புநோக்கியே ஒரு பெயரின் வரலாற்றை நிறுவவேண்டும். அது பாட ஆய்வு. தமிழ்த்துறைகள் நன்கறிந்த கலை.

கடற்கரையிலிருந்து மலைக்கு

சென்னைக் கடற்கரையில் தொடங்கிய அளவை அங்கேயே நின்றுவிடவில்லை. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தீபகற்பத்தின் குறுக்கே மங்களூர்க் கடற்கரை வரை அளவை சென்றது. மலைமுகடுகள் நோக்குமிடங்களாயின. பிட்டின் காலத்தில் ஒரு கோட்டையைச் சுற்றி மட்டும் நிகழ்ந்த காணல், ஒரு நூற்றாண்டுக்குள் நாடு முழுவதையும் காணும் காணலாக விரிந்தது. 1812இல் அளவையாளர் கீஸ் நீலகிரிக்குச் சென்று எழுதிய இடவிளக்கக் குறிப்பு, மலைநிலம் இந்தக் காட்சிக்குள் வந்ததன் தொடக்க ஆவணங்களுள் ஒன்று.

காணல் காணியாகும் நிகழ்ச்சி நாடுகாணியைச் சூழ்ந்த நிலத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. நம்பலாக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு ஆகிய தென்கிழக்கு வயநாட்டு அம்சங்கள் 1877இல் மலபாரிலிருந்து நீலகிரி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டன. 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிற் பொன் தேடும் நிறுவனங்கள் குவிந்தன. பிரப் ஸ்மித்தின் அறிக்கையும் அளவைப் படங்களும் அப்போது முதலீட்டாளரை ஈர்க்கும் ஆவணங்களாயின. பொன் எதிர்பார்த்த அளவிற் கிட்டவில்லை. நிலம் காப்பிக்கும் தேயிலைக்கும் சென்றது. 1956இல் மலபார் கேரளத்தோடு இணைந்தபோது கணவாய்க்குக் குறுக்கே மாநில எல்லை அமைந்தது. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம உரிமையிலிருந்த கூடலூர் நிலங்களை ரயத்துவாரியாக்கும் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குட்பட்ட நிலங்களைப் பற்றிய வழக்குகளும் முரண்பாடுகளும் அப்பகுதி மக்களின் வாழ்வை இன்றளவும் நிலையின்மையில் நிறுத்தியுள்ளன. தோட்டத் தொழிலாளர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர், சிறு உழவர் ஆகியோருக்கு ஓர் அளவைக் கோடு எங்குச் செல்கிறது என்பது வீட்டுக்கு மின்னிணைப்புக் கிடைக்குமா என்பது போன்ற அன்றாடக் கேள்வி.

இந்நிலத்தைத் தொன்றுதொட்டு அறிந்த பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோரிடம் ஓடைக்கும் மேட்டுக்கும் சதுப்புக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அப்பெயர்கள் நடந்து கண்ட நாட்டின் பெயர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், அரசின் அளவைப் படங்களையும் முதியோரின் எழுதப்பட்ட வாக்குமூலத்தையும் சான்றுகளாக ஏற்கின்றன. படத்தில் ஆங்கில எழுத்திற் சிதைந்து கிடக்கும் ஒரு பெயரும், முதியவர் வாயிலிருந்து வரும் ஒரு பெயரும் ஒன்றே என்று நிறுவுவதற்குச் சொல்லாய்வு தேவை. அந்த நிறுவலால் ஒரு குடும்பத்தின் நிலவுரிமை வலுப்பெறக் கூடும். நிலப்படப் பெயராய்வு ஏட்டுப் புலமையாக மட்டும் நின்றுவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, நிலப்படம் புவியியலுக்கும் வரலாற்றுக்கும் உரியது, தமிழ்த்துறைக்குரியதன்று என்பது. இப்பிரிவினை பிற்காலத்தது. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை அளவையாளரான காலின் மெக்கன்சி நிலப்படங்களையும் ஓலைச்சுவடிகளையும் ஒருங்கே திரட்டினார். காவலி வெங்கட போரய்யாவும் அவர்தம் உடன்பிறந்தாரும் அப்பணியில் அவருக்குத் துணைநின்றனர். ஊரை அளக்கும்போதே அவ்வூரின் கைபீதும் கல்வெட்டும் எழுதிக்கொள்ளப்பட்டன. பின்னாளிற் சுவடிகளிற் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கும், படங்கள் அளவைத் துறையினரின் காப்பகங்களுக்கும் எனப் பிரிந்தன. ஒரு பணியின் இரு கூறுகளை மீண்டும் சேர்த்துப் படிப்பது துறை மீறலாகாது.

இரண்டாவது, இப்படங்கள் ஆதிக்க நோக்கில் எழுந்தவை. அவற்றுக்கு ஏன் உரைகாணவேண்டும் என்பது. ஆதிக்க நோக்கு இருப்பதாலேயே உரை தேவைப்படுகிறது. மெய்க்கீர்த்திகள் மன்னர் புகழைக் கூறவே எழுந்தன. அதனால் கல்வெட்டாய்வாளர் அவற்றைத் தள்ளிவிடவில்லை. மிகையை மிகையென அறிந்து பயன்படுத்துகின்றனர். நிலப்படத்தின் மௌனங்களையும் அவ்வாறே அறிந்து பயன்படுத்தலாம்.

மூன்றாவது, தமிழருக்கு நிலப்பட மரபு இல்லை. ஆதலின் இது தமிழியற் பொருளாகாது என்பது. தாளில் வரைந்த படம் மட்டுமே நிலப்படம் எனக் கொண்டாலன்றி இம்மறுப்பு நில்லாது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செப்பேடு, நான்கு பெருந்திசை எல்லைகளையும் வாய்க்கால், வயல், மேடு என ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறது. பெண்யானையை எல்லை வழியே நடத்திக் கல்லும் கள்ளியும் நட்டு வரையறுக்கும் வழக்கத்தைச் சோழர் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அது சொல்லால் வரைந்த படம்; நடந்து அளந்த படம். புகாரைப் பாடிய புலவரின் தெரு வரிசையும் அத்தகையதே. இம்மரபை அறிந்தவர்க்கே பிட்டின் படம் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்பது விளங்கும்.

செய்யத்தக்கவை

தமிழகக் கடற்கரைக் கோட்டை நகரங்களாகிய சென்னை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், புதுச்சேரி ஆகியவற்றின் பழைய படங்கள் ஐரோப்பிய நூலகங்களிலும் இந்தியக் காப்பகங்களிலும் பரவிக் கிடக்கின்றன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்குத் தந்த இசைவோடு எழுந்த தரங்கம்பாடி, அதன் சிறிய பரப்பினால், முதல் முயற்சிக்கு மிகவும் ஏற்றது. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதன் எல்லாப் பெயர்களையும் உள்ளவாறே எழுத்துப்பெயர்த்து, பிற படங்களின் வடிவங்களைப் பாடவேறுபாடாகத் தந்து, ஒவ்வொரு பெயருக்கும் சான்றோடு குறிப்புரை எழுதி வெளியிடுவது முதற் பணி. மூன்று நூற்றாண்டுப் படங்களை இன்றைய நிலப்பரப்பின் மீது பொருத்திக் காணும் கணினிக் கருவிகள் இப்போது எளிதிற் கிடைக்கின்றன. புவியியல் துறையோடு இணைந்து அவற்றைப் பயன்படுத்தலாம்.

ஆய்வு மாணவர்க்குத் தெலுங்கு, போர்ச்சுகீசியம், டச்சு, டேனிஷ் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் ஊர்ப்பெயர்களைப் படிக்கும் அளவு பயிற்சி வேண்டும். முதுகலைப் பாடத்தில் சுவடியியலோடு நிலப்படம் படிக்கும் அலகு ஒன்றும் சேர்தல் நன்று. களஆய்வு இன்றியமையாதது. நீலகிரியின் மேற்குப் பகுதியிற் பழங்குடி மக்கள் வழங்கும் இடப்பெயர்களை அவர்கள் இசைவோடு அவர்தம் ஒலிப்பிலேயே பதிவுசெய்து, பழைய அளவைப் படங்களோடு ஒப்பிடவேண்டும். பதிவின் படி முதலில் அம்மக்களின் கிராம சபைக்குச் சேரவேண்டும். இடப்பெயருக்கு மனம்போனவாறு வேர்ச்சொல் கற்பிக்கும் போக்கு இவ்வாய்வின் பெரும் பகை. அரண்மனைக்காரன் தெருவின் பாடம் எப்போதும் நினைவில் இருத்தற்குரியது.

முடிவுரை

பிட்டின் படத்திற் கோட்டை மதிலுக்கு வடக்கே ஓர் ஊர் நிற்கிறது. அதன் வீடுகள் இல்லை, கோயில் இடம்பெயர்ந்துவிட்டது, பெயரும் இருமுறை மாறிவிட்டது. அவ்வூரின் மக்கள் பேசிய சொற்கள் அயலெழுத்திற் சிதைந்து அத்தாளில் தங்கியுள்ளன. நாடுகாணிப் பகுதியிலோ மக்கள் இருக்கின்றனர்; அவர்தம் இடப்பெயர்களும் வழக்கில் உள்ளன; அவை படத்திலும் ஆவணத்திலும் இடம்பெறாமற் போகும் நிலையே அச்சந்தருவது. முன்னதில் அழிந்த ஊரைச் சொற்களின் வழியாக மீட்கலாம். பின்னதில் உயிரோடிருக்கும் சொற்களின் வழியாக மக்களின் உரிமைக்குச் சான்று சேர்க்கலாம். இரண்டுக்கும் வேண்டிய திறன் ஒன்றே. அது தமிழ்த்துறைகளின் கையில் உள்ளது. ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழிவதற்குமுன் அவற்றைத் தேடி ஊர் ஊராக நடந்த பதிப்பாசிரியர்களின் மரபில் வந்தோர்க்கு, நிலப்படத்தோடு நடந்து நாடு காணும் பணி புதியதாகாது.